மூச்சுக்கு மேலே வருபவை: மணப்பாட்டிலிருந்து மனோரா வரை

முதல் நாள்: மணப்பாடு

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்று, அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோயில். அங்கிருந்து வடக்கே பார்த்தால் குலசேகரப்பட்டினம், கல்லாமொழி, ஆலந்தலை என்று கரை வளைந்து திருச்செந்தூர் வரை போகிறது. மணல் மிக மெல்லச் சரிந்து இறங்கும் கரை இது. குளிக்க வருபவர்களுக்கு வசதி. ஒலியை அனுப்பி எதிரொலியை வைத்து வழி கண்டுபிடிக்கும் விலங்குக்கு இதைவிட மோசமான கரை கிடையாது. செங்குத்தான பாறை எதிரொலியைத் திருப்பித் தரும், சரிவான மணல் அதை விழுங்கிவிடும்.

2016 ஜனவரி 11 மாலை இந்தக் கரையில் பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கத் தொடங்கின. மொத்தம் 81. அதில் 45 செத்துப்போயின, 36 கடலுக்குள் திருப்பி அனுப்பப்பட்டன. இதே கரையில் 1973 ஜனவரியில் 147 ஒதுங்கியிருக்கின்றன. இரண்டு தடவையும் ஒரே இனம், குட்டைத் துடுப்பு உள்ள வகை. ஆண் ஏழு மீட்டர் வரை வளரும், பெண் ஐந்து மீட்டர். இரை பெரும்பாலும் கணவாய். தாய், மகள், பேத்தி என்று தாய்வழியில் வாழ்நாள் முழுக்கச் சேர்ந்தே திரியும் கூட்டம். ஒன்று நோயோடு கரையை நோக்கிப் போனால் மற்றவை விட்டுவிட்டுப் போகாது. ஒன்று ஒதுங்குவதும் எண்பது ஒதுங்குவதும் ஒரே வேலையல்ல என்பது இதனால்தான்.

அன்று மணப்பாட்டு மீனவர்கள் இரவெல்லாம் பாடுபட்டார்கள். படகில் கயிறு கட்டி இழுத்துப்போய் ஆழத்தில் விட்டதும் சில திரும்பி வந்து கரையேறின. இதைப் பலர் "தற்கொலை" என்று எழுதினார்கள். தவறான சொல். கரையில் கிடக்கும் சொந்தம் இன்னும் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறது, விடப்பட்டது அந்தக் குரலைத் தேடி வருகிறது. நியூசிலாந்தில் இதை அடிபட்டுக் கற்றுக்கொண்டார்கள். அங்கே ஒவ்வொன்றாக விடுவதில்லை. இடுப்பளவு தண்ணீரில் எல்லாவற்றையும் நிமிர்த்திப் பிடித்து, எல்லாம் மிதக்கும் வரை காத்திருந்து, ஒன்றாக விடுகிறார்கள். பிறகு ஆட்கள் கைகோத்துத் தண்ணீரில் வரிசையாக நின்று கரைக்குத் திரும்பும் வழியை மறிக்கிறார்கள்.

ஆனால் அங்குள்ள முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே ஃபேர்வெல் ஸ்பிட் போன்ற இடங்களில் கடல் கிலோமீட்டர் கணக்கில் வற்றித் திரும்ப ஏறும். ஏறும் தண்ணீரே பாதி வேலையைச் செய்துவிடும். மன்னார் வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அலை தூக்கிக் கொடுக்கும் என்று இங்கே காத்திருக்க முடியாது. மண்வெட்டியும் தார்ப்பாயும் ஆட்களும்தான் தூக்க வேண்டும்.

உயிரோடு ஒன்று கரையில் கிடந்தால் செய்ய வேண்டியது இது. உடல் பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் முதலில் வயிற்றின் மேல் நிமிர்த்த வேண்டும். சாய்ந்து கிடந்தால் தலைமேல் உள்ள மூச்சுத்துளைக்குள் அலைத்தண்ணீர் போகும், அடியில் மாட்டிய பக்கத்துக்கு ரத்த ஓட்டமும் குறையும். நிமிர்த்தியதும் இரண்டு பக்கத் துடுப்புக்கும் கீழே மணலைப் பறித்துக் குழி செய்து, துடுப்பு இயல்பாகத் தொங்க விட வேண்டும். குழியில் தண்ணீர் ஊறி நின்றால் இன்னும் நல்லது. பிறகு நனைத்த வேட்டி, சேலை, கோணி எது கிடைத்தாலும் உடல்மேல் போர்த்தலாம், மூச்சுத்துளையைத் தவிர. ஆர்வத்தில் குடம் குடமாகத் தலையில் தண்ணீர் ஊற்றுகிறவர்கள்தான் பெரிய ஆபத்து. மூச்சுத்துளை திறந்து மூடுவது ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். அந்த நொடியில் ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குள் போகும்.

முதுகுத்துடுப்பு, பக்கத்துடுப்பு, வால் இந்த மூன்றும் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். உடல் முழுக்கக் கொழுப்புப் போர்வை சுற்றியிருக்கிறது, சூடு வெளியேறும் வாசல் இந்த மூன்று இடமும்தான். வெயிலில் கிடக்கும் திமிங்கலம் தாகத்தில் சாவதைவிட வேகமாகத் தன் சூட்டிலேயே வெந்து சாகும்.

வாலில் கயிறு கட்டி இழுக்கவே கூடாது. முதுகெலும்பின் கண்ணி பிசகும், தலை தண்ணீருக்குள் அமிழும். அகலமான தார்ப்பாயை வயிற்றுக்கடியில் நுழைத்து, இரு பக்கமும் ஆட்கள் பிடித்துத் தூக்க வேண்டும். வாலின் வீச்சுக்குள்ளும் மூச்சு பீய்ச்சும் திசையிலும் நிற்கக் கூடாது. அந்த நீர்த்தூளில் மனிதருக்குத் தொற்றும் கிருமிகள் இருக்கலாம்.

மிதக்கத் தொடங்கியதும் கைவிட்டுவிடுவது அடுத்த தவறு. மணிக்கணக்கில் ஒரே பக்கம் கிடந்த உடம்புக்கு நிலை தடுமாறும், கால் மரத்துப்போனவர் எழுந்து நிற்பது போல. இரண்டு பேர் இருபுறமும் பிடித்து அரை மணி நேரமாவது மெல்ல ஆட்டிக் கொடுத்து, அது தானாக நிமிர்ந்து மூச்சு விடுகிறதா என்று பார்த்த பிறகுதான் விட வேண்டும்.

இன்னொன்றும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நீரில் எடையே தெரியாமல் வாழ்ந்த இரண்டு டன் உடம்பு மணலில் கிடக்கும்போது தன் எடையே தன் தசையை நசுக்குகிறது. நசுங்கிய தசையிலிருந்து கசியும் பொருள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். நீந்திப் போனதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வருகிறோம், இரண்டு நாள் கழித்து அது ஆழ்கடலில் செத்திருக்கலாம். முதல் இரண்டு மணி நேரத்துக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாம் நாள்: தூத்துக்குடி

செத்து ஒதுங்கிய உடலும் பேசும், படிக்கத் தெரிந்தவர் சீக்கிரம் வந்தால். நம் வெயிலில் இரண்டு நாளில் வயிறு உப்பிவிடும், பிறகு கிடைப்பது எலும்பும் தோலும்தான்.

முதலில் அளவு. மூக்கு நுனியிலிருந்து வாலின் நடுப்பிளவு வரை நேர்க்கோட்டில் நாடாவைப் பிடிக்க வேண்டும். உடலின் வளைவின்மேல் நாடாவை ஓட்டினால் நீளம் கூடிப்போகும், அந்தக் கணக்கை வேறெதோடும் ஒப்பிட முடியாது. பிறகு நான்கு பக்கமும் படம், அருகில் அளவுகோல் வைத்து. வாலின் அடிப்பக்கத்தை மறக்கக் கூடாது.

காயத்தைப் பார்க்கையில் வரிசையாக, ஒரே இடைவெளியில், இணையாக வெட்டுகள் இருந்தால் அது படகு விசிறி. துடுப்பின் முன்விளிம்பிலும் மூக்கைச் சுற்றியும் மெல்லிய கோடு பதிந்திருந்தால் வலை. கடித்த இடத்தில் ரத்தக்கட்டு இல்லையென்றால் சுறா வந்தது செத்த பிறகு. ஏமாற்றுவது கப்பலின் மோதல்தான். தோலில் கீறல்கூட இருக்காது. கொழுப்பை வெட்டி எலும்பு வரை போனால்தான் உள்ளே ரத்தக்கட்டும் முறிந்த தாடையும் தெரியும். வெளியே காயமில்லை என்று எழுதிப் புதைத்துவிட்ட உடல்களில் எத்தனை இப்படிப் போயிருக்கும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

கப்பல் மோதலுக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. இலங்கையின் தென்கோடி தெய்வேந்திரமுனைக்கு அப்பால் நீலத் திமிங்கலங்கள் இரை தேடும் இடத்தின் ஊடாகவே உலகின் நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று போகிறது. பாதையைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் வாய்ப்பு பெருமளவு குறையும் என்று ஆய்வாளர்கள் பல வருடம் சொல்லிவந்தார்கள். 2022-ல் எம்எஸ்சி நிறுவனம் தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே திருப்பியது. எல்லாக் கப்பலுக்கும் அது விதியாக வேண்டும். பாதையை மாற்ற முடியாத இடத்தில் வேகத்தைக் குறைக்கலாம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் வலத் திமிங்கலம் (right whale) என்னும் இனத்துக்காக 2008 முதல் குறிப்பிட்ட பருவங்களில் மணிக்கு 10 கடல் மைல் என்ற வேக வரம்பு இருக்கிறது.

உடலைப் புதைப்பதில் ஒரு எச்சரிக்கை. ஏற்ற அலை தொடும் கோட்டுக்கு மேலே, குடிநீர்க் கிணறுகளுக்குத் தள்ளி, ஜேசிபி வைத்து ஆழமாகத் தோண்ட வேண்டும். மேலோட்டமாக மணல் தள்ளினால் அடுத்த காற்றில் வெளியே வந்துவிடும், நாய்கள் முந்திக்கொள்ளும். உப்பிய வயிற்றுக்கு நேராக நின்று கத்தி வைக்கக் கூடாது. உள்ளே அழுத்தம் அவ்வளவு. பல்லோ எலும்போ எதையும் வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. திமிங்கலமும் ஓங்கல் எனப்படும் டால்பினும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. முதல் தகவல் வனத்துறைக்குப் போக வேண்டும். இரவில் யாரும் கிடைக்கவில்லையென்றால் கடலோரக் காவலின் 1093.

மூன்றாம் நாள்: கீழக்கரை வழியாக மண்டபம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீண்ட ஓட்டம். வலப்பக்கம் கடலுக்குள் தீவுகள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் 21 தீவுகள், 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா. இவற்றில் இரண்டு, விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும், தண்ணீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி அள்ளிய காலத்தின் கடன் அது. தீவுக்கு அரணாக நின்ற பாறை போனதும் அலை நேராக மணலைத் தின்றது.

பாறையில் சிக்கிய கைவிட்ட வலையை எடுப்பது பற்றி மட்டும் இன்றைக்கு. இழுக்கக் கூடாது. இழுத்தால் பவளக்கிளை ஒடிந்து வலையோடு வரும், முப்பது வருட வளர்ச்சி ஒரு கையிழுப்பில் போகும். முக்குளிப்பவர் கத்தரியால் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் பையில் போட்டு மேலே அனுப்ப வேண்டும். பவளம் வலையின் மேலேயே வளர்ந்து மூடியிருந்தால் அந்தப் பகுதியை அப்படியே விட்டுவிட்டு, ஆடிக்கொண்டிருக்கும் பகுதியை மட்டும் வெட்டலாம்.

நான்காம் நாள்: தனுஷ்கோடி

தெற்கே தென்கடல், வடக்கே வடகடல். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் போலக் கிடக்கும். வாடைக்காலத்தில் தலைகீழ். இப்போது மாசி, இரண்டும் அமைதி. பங்குனி ஆமை முட்டையிடும் பருவம். பங்குனியில் கூட்டம் மிகுந்து வருவதால்தான் அதற்கு அந்தப் பெயர்.

விடியுமுன் கரையில் நடந்தால் தடம் தெரியும். இடது, வலது என்று மாறி மாறித் துடுப்பு பதிந்த, முக்கால் மீட்டர் அகலத் தடம் என்றால் பங்குனி ஆமை. இரண்டு துடுப்பும் சமமாகப் பதிந்த பெரிய தடம் என்றால் பேராமை, அதாவது பச்சை ஆமை. தடம் திரும்பும் இடத்தில் மணல் கலைந்திருக்கும். அங்கே கம்பியைக் குத்திக் குத்திப் பார்ப்பது பழைய பழக்கம். குத்திய கம்பி முட்டையையும் குத்தும், உடைந்த ஒரு முட்டை கூடு முழுக்கப் பூசணத்தைப் பரப்பும். விரலால் மணலின் இறுக்கத்தைப் பார்த்தாலே போதும், தோண்டி மூடிய இடம் பொலபொலவென்று இருக்கும்.

கூட்டை அங்கேயே விட முடிந்தால் விடுவதுதான் முதல் தேர்வு. நாய், நரி, அலை, ஆள் இவற்றால் தங்காது என்று தெரிந்தால் மட்டும் குஞ்சு பொரிப்பகத்துக்கு மாற்றலாம். மாற்றுவதென்றால் முட்டையிட்டு ஆறு மணி நேரத்துக்குள், முடிந்தால் இன்னும் சீக்கிரம். அதற்குப் பிறகு கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் முட்டை உருண்டால் கரு அறுந்து சாகும். ஆகவே முட்டையை எடுத்த வாக்கிலேயே, மேல்பக்கம் மேலாகவே கூடையில் அடுக்க வேண்டும். ஈரமணல் ஒரு படுகை, முட்டை ஒரு வரிசை. பைக்கில் கொண்டுபோகும் குலுக்கலே பல கூடுகளைக் கெடுத்திருக்கிறது.

பொரிப்பகத்தில் குழி கூஜா வடிவில் இருக்க வேண்டும். வாய் குறுகல், அடி அகலம், ஆழம் 45 சென்டிமீட்டர், ஒரு முழம். கையை உள்ளே விட்டுச் சுழற்றியே அடியை அகலப்படுத்துவார்கள், மண்வெட்டி ஆகாது. ஒரு கூட்டில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். கூட்டுக்குக் கூடு ஒரு மீட்டர் இடைவெளி. பொரியும்போது அத்தனை முட்டையும் சூடு விடும், நெருக்கி வைத்தால் பக்கத்துக் கூடும் சேர்ந்து வேகும். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் தீர்மானிக்கிறது. சுமார் 29, 30 டிகிரிக்கு மேலே போகப் போகப் பெண் கூடும், 34-ஐத் தாண்டினால் சாவு கூடும். பங்குனி, சித்திரையில் தென்னங்கீற்றோ நிழல்வலையோ போடாத பொரிப்பகத்தில் கடைசி மாதக் கூடுகள் பெரும்பாலும் வீணாகும்.

45 முதல் 55 நாளில் குஞ்சு வரும். அப்போது நடக்கும் தவறு அன்பினால் வருவது. விருந்தினர் வரும் வரை குஞ்சுகளை வாளித் தண்ணீரில் போட்டு வைக்கிறார்கள். குஞ்சுக்கு வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு ஆழ்கடல் வரை ஓயாமல் நீந்துவதற்கான சோறு. வாளிக்குள்ளேயே நீந்தி அதைத் தீர்த்துவிட்டு, பகலில் களைத்துக் கடலில் இறங்கினால் கொக்குக்கும் மீனுக்கும் இரை. வெளிவந்த இரவே, இருட்டில், அலையிலிருந்து சில மீட்டர் தள்ளி மணலில் விட்டு நடக்கவிட வேண்டும். போன் வெளிச்சம் கூடவே கூடாது.

இத்தனையும் கரையில். உண்மையான சாவு கடலில் நடக்கிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கு மேல் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி, நுரையீரலில் நுரையோடு. மூச்சு முட்டிச் செத்ததன் அடையாளம் அது. ஓய்வில் இருக்கும் ஆமை மணிக்கணக்கில் மூச்சடக்கும். விசைப்படகு இழுத்துப்போகும் பைவலையான இழுவை மடிக்குள் திமிறும் ஆமைக்கு அவ்வளவு நேரம் கிடையாது. மடியில் ஆமை தப்பும் கருவியைப் பொருத்தினால் சாய்வான கம்பித் தட்டு ஆமையைத் திறப்பின் பக்கம் தள்ளிவிடும், இறால் கம்பிக்கிடையே போய் மடியில் விழும். கம்பிகளுக்கிடையே இடைவெளி 10 சென்டிமீட்டர். தட்டின் சாய்வு தப்பினால் குப்பை அடைத்து இறாலும் போகும், அதனால்தான் மீனவர்கள் கழற்றி வைத்துவிடுகிறார்கள். அவர்கள் குறையைக் கேட்டுச் சாய்வைச் சரிசெய்து கொடுக்காமல் அபராதம் மட்டும் போட்டால் கருவி கரையிலேயேதான் கிடக்கும். இந்தக் கருவி இல்லையென்று சொல்லி அமெரிக்கா 2019 முதல் இந்தியாவின் கடல் இறாலை வாங்குவதில்லை. நட்டம் இரண்டு பக்கமும்.

மடியில் அசைவற்று வரும் ஆமையைச் செத்ததென்று தூக்கி எறிய வேண்டாம். வயிறு கீழாக வைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி, நிழலில், ஈரத்துணி போர்த்தி விடுங்கள். நுரையீரலில் போன தண்ணீர் வடியும். நாலு மணி நேரத்தில் எழுவதும் உண்டு, 24 மணி நேரம் எடுப்பதும் உண்டு. மயங்கியதை அப்படியே கடலில் தள்ளினால் நிச்சயம் மூழ்கும். எழுந்த பிறகு விசிறியை நிறுத்திவிட்டு, வலை இல்லாத பக்கம் இறக்க வேண்டும்.

ஐந்தாம் நாள்: மனோரா

சரபோஜி மன்னர் கட்டிய எட்டடுக்குக் கோபுரம் ஒருபக்கம், அடுத்து மல்லிப்பட்டினம் துறை. முன்னால் பாக் வளைகுடா, இடுப்பளவு ஆழம் வெகுதூரம் வரை. 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது, நாட்டிலேயே முதலாவது. இந்தப் பக்கத்து மீனவர்கள் கடல்பசு என்பதைவிட ஆவுளியா என்றுதான் சொல்கிறார்கள்.

வற்றத்தில், தண்ணீர் தெளிந்த நேரத்தில் படகிலிருந்து குனிந்து பார்த்தால் ஆவுளியா மேய்ந்த தடம் தெரியும். பச்சைக் கடற்புல்வெளிக்கு நடுவே ஒரு சாண் அகலத்தில் வெள்ளை மணல் வெளிப்பட்ட கோடு. ஒருமுறை மூச்சடக்கி மேய்ந்த தூரம் ஒரு கோடு. கோடு முடியும் இடத்தில் அது மூச்சுக்கு மேலே போயிருக்கிறது. இலையை மட்டும் கொய்யாது, வேரும் தண்டுமாகப் பிடுங்கித் தின்னும். ஒரு நாளைக்கு 30, 40 கிலோ. அதனால் புல்வெளி பெரிதாகவும் தொடர்ச்சியாகவும் இருக்க வேண்டும்.

கணக்கு பயமுறுத்துகிறது. எழுபது வருடம் வரை வாழும் விலங்கு, கர்ப்பம் 13, 14 மாதம், ஒரு ஈற்றில் ஒரே குட்டி, அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு வருட இடைவெளி. இந்தியா முழுக்க இருப்பவை இருநூறு சொச்சம் என்கிறார்கள், பெரும்பகுதி இந்தக் கடலில். ஒரு வருடத்தில் நாலைந்து பெரிய பெண்கள் வலையில் போனாலே பிறப்பால் ஈடுகட்ட முடியாது.

போவது எந்த வலையில் என்றால், பெருங்கண்ணித் திருக்கை வலையில். இரவு முழுக்கத் தரையோடு கிடக்கும் வலை. சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டிய ஆவுளியா அதில் சுற்றிக்கொண்டால் விடியும் வரை உயிர் தாங்காது. வலைக்கு அருகிலேயே இருந்து அவ்வப்போது பார்ப்பவர் வலையில்தான் உயிரோடு கிடைக்கிறது. அப்படிக் கிடைத்தால் முதலில் மூக்கு தண்ணீருக்கு மேலே வர வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. எஞ்சினை நிறுத்திவிட்டு, மேல்கயிற்றைத் தூக்கித் தலையை உயர்த்தி, இரண்டு மூன்று மூச்சு விடவிட்டு, பிறகு தலைப்பக்கத்திலிருந்து வலையை வெட்ட வேண்டும். வாலைக் கடைசியில். நானூறு கிலோ வரை இருக்கும், வால் விடுபட்டதும் அடிக்கும். படகில் ஏற்றவோ கரைக்கு இழுக்கவோ வேண்டாம், அந்தப் பதற்றமே தசையைக் கெடுத்துக் கொல்லும். குட்டி சிக்கியிருந்தால் தாய் பக்கத்திலேயே சுற்றும், அந்தப் பக்கம் படகை ஓட்டக் கூடாது. வெட்டிய துண்டு வலை படகுக்குள் வர வேண்டும்.

விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை தருகிறது, சான்றுக்குப் போனில் ஒரு நிமிட வீடியோ போதும். வெட்டிய வலை அவருடைய முதலீடு. அந்தப் பணம் வாரக்கணக்கில் இழுத்தடிக்காமல் வந்தால்தான் அடுத்த முறையும் கத்தி வலையின் மேல் போகும்.

புல் அழிந்த இடத்தில் திரும்ப நடவும் செய்கிறார்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மூங்கில் சட்டம், குறுக்கும் நெடுக்கும் தேங்காய்நார்க் கயிறு. அடர்ந்த வெளியிலிருந்து, ஒரே இடத்தில் மொட்டையடிக்காமல் அங்கொன்று இங்கொன்றாக எடுத்த நாற்று, வேர்த்தண்டும் அதன் வளரும் நுனியும் சேர்ந்து. நுனி ஒடிந்த நாற்று பச்சையாகவே இருந்து பிறகு அழுகும். எடுத்த நாற்றைத் தண்ணீரை விட்டு வெளியே வைக்காமல் கயிற்றில் கட்டி, சட்டத்தைத் தரையோடு தரையாகப் பதித்துக் கொக்கியால் அடிக்க வேண்டும். இடையில் காற்றுப்போல் ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் வேர் மணலைத் தொடாது. பிளாஸ்டிக் கயிறு கூடாது. மூங்கிலும் நாரும் மக்குவதற்குள் வேர் பிடித்துவிடும். பாக் வளைகுடாவில் வாடை ஓய்ந்த பிறகே நட வேண்டும், இல்லையென்றால் முதல் காற்றிலேயே சட்டம் புரளும். 2018-ல் கஜா புயல் இந்தக் கரையில் சேற்றை வாரிக் கொட்டியது. கலங்கல் நிற்கும் இடத்தில் வெளிச்சம் இறங்காது, அங்கே நட்டால் உழைப்பு வீண். அதைவிட, இருக்கும் புல்வெளி மேல் இழுவை மடியின் பலகை ஏறாமல் தடுப்பது ஆயிரம் சட்டத்துக்குச் சமம்.

பதினைந்து நாளில் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை இறங்கி, சட்டத்துக்குள் எத்தனை தளிர் என்று எண்ணிக் குறிக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்த சட்டத்தில் பெரும்பாலும் பாசி படர்ந்திருக்கும், அதைக் கையால் வழித்துவிட்டு மேலே வருகிறார்கள்.

மாலையில் மல்லிப்பட்டினம் துறையிலிருந்து நாட்டுப்படகுகள் கிளம்பின. கடைசிப் படகில் வலைக்குவியலின் மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். படகின் முன்முனையான அணியத்தில், கைக்கெட்டும் இடத்தில், தோலுறையோடு ஒரு கத்தி செருகியிருந்தது.